சுபாவமும் ஜீவனமும்

வேலூர்க் கோட்டையின் அகழிக்கு அதிகத் தொலைவில்லாத லாங் பஜாரில், நடக்கும் மனிதனும் தள்ளுவண்டியும் பாரம் இறக்கும் லாரியும் ஒரே குறுகலான வழிக்காக ஓயாமல் மன்றாடிக்கொண்டிருக்கும் அந்தத் தெருவில், ஒரு தானிய மண்டியில் கணக்கெழுதி ஜீவனம் செய்தவர் என் தந்தையார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவருடைய கணக்குமேசைக்கு அருகே ஒரு பலகையில் உட்கார்ந்து நான் கண்ட காட்சிகளுள், அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் மனத்தைவிட்டு அகலாதது, மூட்டைக்குள் குத்தூசி இறங்கும் காட்சி. அரிசி வாங்க வந்த வியாபாரி மூட்டையின் வாயை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. வாயருகே நல்ல அரிசியைப் பரப்பி வைப்பது எவருக்கும் எளிது என்பதை அவர் அறிவார். மூட்டையின் நடுவயிற்றில் ஊசியைச் செலுத்தி, அதன் குழிவில் வழிந்துவரும் ஒரு பிடி மணியை உள்ளங்கையில் ஏந்தி, தவிட்டை ஊதி, நாலு மணியைப் பல்லில் கடித்து, அதோடும் திருப்தியடையாமல் மூட்டையைப் புரட்டி வேறோரிடத்தில் மறுபடியும் குத்திப் பார்த்த பிறகே விலை பேசுவார். ஒரு மூட்டை அரிசிக்கே இவ்வளவு சாவதானம்.

பின்னாளில் நான் ஆசிரியனானேன். 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியதிலிருந்து, பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் கோடைதோறும், வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வரும் தாய்தந்தையர் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், புள்ளைய எந்த குரூப்புல சேக்கிறது?" உயிரியலா, கணினியா, வணிகவியலா, தொழிற்பிரிவா என்ற அந்த நிர்ணயத்தில், பதினைந்து வயதுப் பிள்ளையின் அடுத்த ஐம்பது ஆண்டுகள் அடங்கிக் கிடக்கின்றன என்ற பயம் அவர்கள் முகத்தில் இருக்கும். நானோ, மதிப்பெண் பட்டியலை வாங்கி, கணக்கில் எவ்வளவு, அறிவியலில் எவ்வளவு என்று விரலால் தொட்டுப் பார்த்து, பத்து நிமிஷத்தில் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மூட்டையின் வாயை மட்டும் அவிழ்த்துப் பார்த்து விலை சொன்ன குற்றத்தை நான் எத்தனை முறை செய்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். நான் பணிபுரிந்த பள்ளிகளுள் ஒன்றில், மாணவரின் ருசியையும் சுபாவத்தையும் கண்டறிந்து ஏற்ற தொழிலைக் காட்டுவதாகச் சொல்லி, அச்சிட்ட வினாத்தாள்களோடு சிலர் வந்தார்கள். நாற்பது நிமிஷத்தில் பிள்ளைகள் 'ஆம்', 'இல்லை' என்று குறியிட்டுக் கொடுத்தார்கள். ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலையொன்றில் சுண்ணாம்புத் தொட்டியருகே வேலை பார்த்த ஒருவரின் மகனும் அவர்களில் ஒருவன். வகுப்பில் யாருடைய சைக்கிள் செயின் கழன்றாலும், பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டார் நின்றாலும், எவரும் அழைக்காமலே அவன் போய்க் குந்தி உட்கார்ந்துவிடுவான். எழும்போது அது ஓடும். 'கைகளால் வேலை செய்வதில் உனக்கு விருப்பமா?' என்ற வினாவுக்கு அவன் 'இல்லை' என்று குறியிட்டிருந்தான். 'இயந்திரங்களோடு பழக விருப்பமா?' என்பதற்கும் 'இல்லை'. வணிகவியல் அவனுக்கு உகந்தது என்று முடிவு வந்தது. நானும் அதையே அவன் விண்ணப்பத்தில் எழுதினேன்.

சில மாதங்கள் கழித்து அவன் தந்தை வேறு காரியமாக வந்தபோது, பேச்சுவாக்கில் தம் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்துக் காட்டினார். "எங்கையி ரெண்டும் சுண்ணாம்புல வெந்துபோன கையி சார். இவன் கையாவது காயிதத்தைத் தொடட்டும்னு சின்னதுலேர்ந்து சொல்லிச் சொல்லி வளத்தேன்." அந்த வீட்டில் கைவேலை என்ற சொல்லுக்கு அர்த்தம் சுண்ணாம்புத் தொட்டி. வினாத்தாள் எழுதியவருக்கோ அச்சொல்லின் அர்த்தம் வேறு. பையன் பொய் சொல்லவில்லை. தந்தையின் வெந்த கைகளை நினைத்துப் பதில் சொல்லியிருக்கிறான். அவனுடைய ருசி என்னவென்பதைத் தண்ணீர் மோட்டார் அறிந்திருந்தது, சைக்கிள் அறிந்திருந்தது. அவனை ஓராண்டு தினமும் கண்ட நான், கண்ணெதிரே இருந்த பிரத்தியட்சத்தைத் தள்ளிவிட்டுக் காகிதத்தை நம்பினேன்.

இந்தச் சாஸ்திரத்தை நான் பழிப்பதாக எண்ண வேண்டாம். அதன் பிறப்பு மரியாதைக்குரியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், பிற தேசங்களிலிருந்து வந்து குடியேறிய ஏழை இளைஞர்கள், கிடைத்த வேலையில் விழுந்து அதிலேயே தேய்ந்து போவதைக் கண்டு மனம் வருந்திய பிராங்க் பார்சன்ஸ் என்பவர், 1908-ல் அவர்களுக்கென ஓர் ஆலோசனை நிலையம் அமைத்தார். அவர் காலமான பின் 1909-ல் வெளிவந்த அவருடைய நூல், ஒருவன் முதலில் தன்னை அறிய வேண்டும், பின் தொழில்களின் இயல்பை அறிய வேண்டும், அதன்பின் இரண்டுக்கும் உள்ள பொருத்தத்தை ஆராய வேண்டும் என்று மூன்று படிகளை வகுத்தது. அரை நூற்றாண்டு கழித்து ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் மனிதரின் சுபாவத்தை ஆறு வகையாகப் பிரித்து, தொழிற்சூழலையும் அதே ஆறு வகையாகப் பிரித்துப் பொருத்திக் காட்டினார். இன்று நம் பள்ளிகளுக்கு வரும் வினாத்தாள்களில் பெரும்பாலானவை இவ்விருவரின் வழித்தோன்றல்களே. எவனுக்கும் தன் ஜீவனத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு என்ற எண்ணம் அவற்றின் அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் நம் நாட்டுக்கு அவ்வளவு பழையதன்று.

திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆளையும் வேலையையும் பொருத்திப் பார்க்கும் நுட்பத்தை அவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் காண்பது அரிது. ஆனால் அது அரசனை நோக்கிச் சொல்லப்பட்டது; இந்த வேலைக்கு யார் ஏற்றவன் என்பதே அங்கே கேள்வி. இவனுக்கு எந்த வேலை ஏற்றது என்ற கேள்வியை, வேலை செய்யப்போகிறவனின் பக்கத்தில் நின்று கேட்பதற்கு நம் சமூகம் நெடுங்காலம் இடம் கொடுக்கவில்லை. பிறந்த வீடே பதில் சொல்லிவிட்டது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளியிலும், எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலிலும் பழக வேண்டும் என்றது. இருந்த பள்ளிகளைக் கொண்டே இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்ல வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்ததை மறுப்பது நியாயமாகாது. ஆயினும் தோல் பதனிடும் ஊர்களில், சேரியிலிருந்து வரும் பிள்ளைக்கு அத்திட்டத்தின் பொருள் என்னவாயிருந்திருக்கும் என்று யோசித்தால், மக்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டதும், பெரியார் அதைக் கடுமையாக எதிர்த்ததும், 1954-ல் பதவிக்கு வந்த காமராஜர் அதைக் கைவிட்டதும் முற்றிலும் சரியே என்பது விளங்கும். 'இவனுக்கு இதுதான் வரும்' என்ற வாக்கியம் நம் மண்ணில் ஆயுதமாகப் பயன்பட்டிருக்கிறது. மாணவனின் சுபாவத்தைப் பற்றிப் பேசுகிற எவரும், நானும் சேர்த்துத்தான், அந்த வாக்கியத்தை உச்சரிக்கும்போது நாக்கு நடுங்க வேண்டும்.

அப்படியானால் சுபாவம் என்று ஒன்று இல்லையா? உண்டு. அது எப்போது, எதன்மூலம் வெளிப்படுகிறது என்பதுதான் கஷ்டமான விஷயம். இதற்குப் பாஸ்டன் வரை போக வேண்டியதில்லை. லாங் பஜாரிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே சான்றுகள் இருக்கின்றன.

ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், பாட்டனாரும் தந்தையும் மிஷன் மருத்துவர்களாயிருந்த குடும்பத்துப் பெண். அந்த வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்பதே அவருடைய தெளிவான முடிவு. பஞ்சமும் நோயும் நிறைந்த இந்த ஊரைவிட்டு அமெரிக்காவில் வாழ்வதையே விரும்பினார். அன்று யாராவது ஒரு வினாத்தாளைக் கொடுத்திருந்தால், 'மருத்துவம்' என்ற வரிக்கு எதிரே 'இல்லை' என்று அழுத்தமாகக் குறியிட்டிருப்பார். தாயாரின் நோயை முன்னிட்டுத் திண்டிவனத்தில் வந்து தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆடவர்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வருமாறு அவரை அழைத்தார்கள். தமக்கு வைத்தியம் தெரியாது, தம் தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவுக்குப் பின் அமெரிக்கா சென்று, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்குத் திரும்பி, ஒரே ஒரு படுக்கையோடு அவர் தொடங்கிய சிகிச்சையே, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, இன்று தேசமெங்குமிருந்து நோயாளிகள் ரயிலேறி வரும் சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக நிற்கிறது. அவருடைய சுபாவத்தில் மருத்துவம் முன்னமே இருந்ததா, அந்த மூன்று மரணங்கள் அதை உண்டாக்கினவா? முன்னமே இருந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் பிறருடைய துயரம் வந்து கதவைத் தட்டும் வரை, அது உள்ளே இருந்ததை அவரே அறியவில்லை.

பால் பிராண்டின் கதை இன்னும் நீண்டது. எனக்கு மிகவும் பிரியமானதும் அதுவே. 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை செய்த வைத்தியத்தில் சிறுவயதிலேயே கண்ட ரத்தமும் சீழும் அவருக்கு மருத்துவத்தின்மேல் அருவருப்பை உண்டாக்கிவிட்டன. இங்கிலாந்தில் படித்துவந்தவர், பதினாறாம் வயதில் கட்டட வேலையில் பயிற்சிக்குச் சேர்ந்து, மரத்தை இழைக்கவும் கல்லை அடுக்கவும் சுவரெழுப்பவும் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கற்றார். அதன் பின்னரே மருத்துவத்தின்பால் மனம் திரும்பி, லண்டனில் படித்து, 1946-ல் வேலூருக்கு வந்து சேர்ந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தில் மடங்கிப்போன ஒரு கையைப் பற்றிப் பார்த்தபோது, அந்தக் கை தம் கையை எவ்வளவு பலமாக இறுக்குகிறது என்பதைக் கண்டு திகைத்தார். நோய் எல்லாத் தசையையும் தின்றுவிடவில்லை, சிலவற்றின் நரம்புதான் செயலற்றுப்போயிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. உயிருள்ள தசையின் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலை இழுக்கும்படி மாற்றிப் பொருத்தும் அறுவையை, தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார். எவ்வளவு இழுவிசை, எந்தக் கோணத்தில், எந்த மூட்டின்மேல் என்ற கணக்கு, உத்தரமும் தூணும் ஏற்றிப் பழகிய கைக்கு அந்நியமாகத் தோன்றியிராது.

அதோடு அவர் நிற்கவில்லை. வலி உணர்ச்சி போன காலில், நடந்து நடந்து உண்டாகும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம், மாமிசம் தானாக அழுகுவதில்லை என்று கண்டபின், மெத்தென்ற ரப்பர் அடியிட்ட செருப்புகளைச் செய்விப்பதில் இறங்கினார். மருத்துவர் ஒருவர் செருப்புத் தைப்பவரோடு சேர்ந்து உட்கார்ந்து, பாதம் எங்கே அழுந்துகிறது என்று யோசித்த காட்சி, செருப்புத் தொழிலைத் தாழ்வென்று ஒதுக்கிய ஒரு நாட்டில், அதிலும் தோல் தொழிலையே நம்பி வாழும் ஒரு ஜில்லாவில் நடந்தது. கட்டட வேலையில் கழிந்த ஐந்து ஆண்டுகளை வீண் என்று எவர் சொல்வார்? வழி தவறிப் போனதாக அன்று பெரியவர்கள் வருந்தியிருக்கக்கூடிய அந்தக் காலமே, அவரைப் பிற மருத்துவரினின்றும் வேறுபடுத்தியது.

அவரோடு பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், பெண்களுக்கான மருத்துவத்தில் தேர்ச்சி பெற முயன்றுகொண்டிருந்தவர். 1954-ல் நேர்ந்த மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்று, பின் வெளிநாடு சென்று புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, சி.எம்.சி.யில் அதற்கென ஒரு துறையை வளர்த்தார். 1972-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. இன்னொருவர், வேலூர் ஊரீசுக் கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்குப் போன, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன். புத்தகம் வாங்கப் பணமில்லாத நிலையில், அங்கே படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தபடியால் அவர் எடுத்துக்கொண்ட பாடம் தத்துவம்.

ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் நெடுநாள் இருந்த என் பழைய மாணவர் ஒருவர், தம் தொழிலை எனக்குக் காட்டிய நாளில்தான் இந்த வாழ்க்கைகளெல்லாம் என் மனத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த வேலையை அங்கே 'செலக்‌ஷன்' என்கிறார்கள். மயிரோடு கிடக்கும் பச்சைத்தோலைப் பார்த்து அதன் தரத்தைத் தீர்மானமாகச் சொல்ல முடியாது என்றார் அவர். ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிர் நீக்கி, குரோமில் பதனிட்டு, வெளிறிய நீலநிறத்தில் ஈரத்தோடு மேசைமேல் வரும்போதுதான், ஆடு மேய்ந்த காலத்தில் முள் கீறிய கோடும், உண்ணி கடித்த தழும்பும், உரித்தவனின் கத்தி பட்ட காயமும் தெரியும். அந்த நிலைக்கு 'வெட் புளூ' என்று பெயர். "கோடு இருக்குன்னு எதையும் எறியறதில்ல சார், எதுக்கு ஆகும்னு பாக்கறதுதான் எங்க வேலை" என்று சொல்லிக்கொண்டே, ஒரு தோலின் நடுவில் கையை வைத்தார். முதுகுப் பக்கம் இறுக்கமாயிருக்கும், ஷூவின் முன்பாகத்துக்கு ஆகும். வயிற்றுப் பக்கம் தளர்ந்து நீளும், கண்ணில் படாத இடத்துக்குப் போகும். தோல் எந்தத் திசையில் நீளுமோ அதை அறிந்து வெட்டாவிட்டால், தைத்த ஷூ பத்து நாளில் கோணிவிடும். இத்தனையையும் அவர் எந்தக் கருவியும் இல்லாமல், விரல் நுனிகளால் தடவி அறிந்தார். இருபது வருஷப் பழக்கம் அது.

பிள்ளைகள் தோலல்ல, இந்த உவமையை அதன் எல்லைக்கு மேல் நான் இழுக்கமாட்டேன். ஆனால் பதினைந்து வயதில், வீட்டின் ஆசையும் ஊரின் பேச்சும் தந்தையின் வெந்த கையும் அடர்ந்து மூடியிருக்கும்போது, அடியில் உள்ள தன்மையைச் சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. வேலையில் நனைந்த பிறகே அது தெரிகிறது. தொழில்களின் பட்டியலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அரைகுறையாகப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1970-களில் அரசு கட்டுப்படுத்தியதன் பின், ஆம்பூரும் வாணியம்பாடியும் முழுதாகப் பதனிட்ட தோலுக்கும் ஷூவுக்கும் திரும்பின. இன்று காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்களின் பாட்டிமார்களுக்கு அப்படி ஒரு வேலை உண்டென்றே தெரியாது. பாலாற்றைக் கெடுத்த கழிவுநீரைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், அந்த நீரைச் சுத்திகரிப்பதும் சோதிப்பதும் எத்தனையோ பேருக்கு ஜீவனமாயிருக்கிறது. மண்ணைக் கெடுத்த தொழிலுக்குள் மண்ணைக் காக்கும் உத்தியோகம் ஒன்று தோன்றும் என்பதை எந்த வினாத்தாள் முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

வேலூரிலேயே, மனிதரை வேலையில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று பல்லாண்டுகள் இருந்தது. சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி, எழுத்துத் தேர்வில் முன்னின்ற மாணவரைச் சில நாட்கள் ஊருக்கு வரவழைத்து, குழுவாகக் காரியங்களைச் செய்யவிட்டு, யார் பிறரோடு இசைந்து போகிறார், யார் களைத்தபோதும் பொறுமை இழக்காமலிருக்கிறார் என்று கவனித்து, நேர்காணலும் நடத்திச் சேர்த்துக்கொண்டது. அகில இந்திய நுழைவுத்தேர்வான நீட் வந்தபோது, அக்கல்லூரி தன் முறையை விட மனமில்லாமல் 2017-ல் சேர்க்கையையே ஏறக்குறைய நிறுத்தி வைத்தது; 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தகைய கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்த்தது. நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையில் பார்ப்பவரின் பட்சபாதம் புகக்கூடும் என்பதும், இங்கிலீஷ் தடையின்றிப் பேசும் பிள்ளைக்கு அது சாதகமாகக்கூடும் என்பதும் உண்மையே. அவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும், மூன்று மணி நேரம் வட்டங்களைக் கறுப்பாக்குவதைக் காட்டிலும், நோயாளியின் அருகே நிற்க ஒருவர் தகுதியுள்ளவரா என்பதை அறிய, சில நாட்கள் அவரோடு இருந்து பார்ப்பது மேலான வழி என்றே நான் கருதுகிறேன். அந்த வழி அடைபட்டது நஷ்டம்.

வணிகவியலில் நான் சேர்த்துவிட்ட அந்தப் பையன் இரண்டு ஆண்டுகளும் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் இருந்து, கணக்குப் பதிவியலில் ஒருமுறை தவறி, மறுமுறை எழுதித் தேறினான். அவன் இப்போது ஆம்பூரில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். அந்த இடத்துக்கு அவன் போய்ச் சேர ஏழு ஆண்டுகள் பிடித்தன. அவற்றில் சிலவாவது என் கணக்கில் எழுதப்பட வேண்டியவை. அவன் கை சுண்ணாம்பில் வேகவில்லை, காகிதத்திலும் நிற்கவில்லை. கைவேலைக்குச் சுண்ணாம்புத் தொட்டியைத் தவிர வேறிடங்களும் உண்டு என்பதை அந்த வீட்டுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய ஒருவன் நான், சொல்லவில்லை.

2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாக, உயர்கல்வி பற்றியும் தொழில்கள் பற்றியும் பிள்ளைகளுக்குச் செய்தி போகிறது. பாஸ்டனில் பார்சன்ஸ் சொன்ன இரண்டாம் படிக்கு அது உதவும். முதற்படிக்கு, தன்னை அறியும் படிக்கு, செய்தி போதாது. தொட்டுப் பார்க்க வேலை வேண்டும். ஆகையால் பெற்றோருக்கும் என்னைப்போன்ற ஆசிரியருக்கும் நான் செய்யும் விண்ணப்பம் இது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவு வருவதற்குள் ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் பிள்ளையை ஒரு வாரம் மண்டிக் கணக்கரின் பக்கத்திலும், ஒரு வாரம் மெக்கானிக் பட்டறையிலும், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு வழிகாட்டும் வேலையிலும், ஒரு வாரம் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் திண்ணையிலும் விட்டுவையுங்கள். கூலிக்காக அல்ல, குலத்தொழிலுக்காகவும் அல்ல, தந்தை செய்யாத வேலையாகவே பார்த்து அனுப்புங்கள். மாலையில் அவன் வீட்டுக்கு வந்து, கேட்காமலே எந்த வேலையைப் பற்றிப் பேசுகிறான் என்று கவனியுங்கள். விண்ணப்பத்தை அதன் பிறகு நிரப்பலாம்.